நெற்றிக்கண்ணுக்கு எத்தனை மதிப்பெண்?

மிகுபுனைவு (ஃபேன்டஸி) நாவல் போட்டியின் நடுவர் குழுவினருக்கு,

இந்த ஆண்டு முன்வாசகர்களுக்கு நீங்கள் அனுப்பிய மதிப்பெண் தாளில் ‘தெய்வப் பாத்திரம்’ என்று ஒரு பிரிவு இருக்கிறது. மொத்தம் 20 மதிப்பெண். தோற்றப் பிரமாண்டத்துக்கு 8, ஆற்றலுக்கு 8, பெயருக்கும் பிறப்புக் கதைக்கும் சேர்த்து 4. கீழே ஒரு குறிப்பு: ‘கடவுள் தயங்குகிற, தோற்கிற, கைவிரிக்கிற பிரதிகளைத் தவிர்க்கவும். வாசகர் ஏமாந்துபோவார்.’ அந்தக் குறிப்பின்படி பிரதிகள் திரும்பிப் போகத் தொடங்கிவிட்டன. காரணம் எழுதும் கட்டத்தில் ‘கடவுள் பலவீனமாக இருக்கிறார்’ என்று மூன்றே சொற்கள்.

அந்தப் பிரதிகளை முதலில் படித்தவர்கள் நாங்கள். உங்கள் தாளை வைத்து மதிப்பெண் போட்டவர்களும் நாங்களே. தாளில் உள்ளபடி கூட்டினால் வெற்று ஆர்ப்பாட்டத்துக்கு 18 வருகிறது, யோசித்துச் செய்த வேலைக்கு 6 வருகிறது. வாயை மூடிக்கொண்டு கூட்டிக் கொடுக்க இனி எங்களால் முடியாது.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு காட்சியை உங்கள் தாளில் வைத்துப் பாருங்கள். சங்கத்தில் ஒரு பாட்டில் குற்றம் சொல்கிறார் நக்கீரர். பாட்டுக்கு உரியவர் சிவபெருமான். வாதம் முற்றி, நெற்றிக்கண்ணைக் காட்டுகிறார். காட்டினாலும் குற்றம் குற்றமே என்கிறார் புலவர். நெற்றிக்கண்ணுக்கு நாங்கள் முழு 16 போட்டுவிடலாம். புலவரின் மறுமொழிக்குத் தாளில் கட்டமே கிடையாது. அதைவிட மோசம், கடவுள் ஒரு மனிதரிடம் சொல்லால் மடக்கப்படுகிறார் என்பதால் உங்கள் குறிப்பு பாய்ந்து பிரதி திரும்பிவிடும். ஆனால் அந்தக் காட்சியை இத்தனை நூற்றாண்டு தாங்கி நின்றது அந்த மறுமொழி. இதைத் திருவிளையாடல் புராணத்தில் பாடிய பரஞ்சோதி முனிவர் அத்தோடு விடவும் இல்லை. வெப்பம் தாங்காமல் பொற்றாமரைக் குளத்தில் விழுந்தவரை அடுத்த படலத்தில் கரையேற்றுகிறார். அதற்கடுத்த படலத்தில் அதே புலவருக்கு அகத்தியர் வழியாக இலக்கணம் சொல்லிக்கொடுக்க ஏற்பாடாகிறது. சுட்டது ஒரு கணம். அதன் பின்னால் செய்தது இரண்டு படலம். பாத்திரம் என்ற கண்ணோடு படிக்கிறவருக்கு அந்தக் கணக்கு முக்கியம்.

புனைவில் ‘நல்ல கடவுள்’ என்றால் இரண்டு பொருள் வரும். நன்றாகச் செய்யப்பட்ட பாத்திரம், நல்லவராக இருக்கும் பாத்திரம். இவை வெவ்வேறு என்று பிரித்துவைப்பது வழக்கம். பிரதியைக் கையில் எடுத்தால் இரண்டையும் ஒரே இடத்தில்தான் உரசிப் பார்க்க முடிகிறது. தம்மால் முடியாததை எப்படிச் சொல்கிறார்? முடிந்ததைச் செய்யும்போது விலை யார் தலையில் விழுகிறது? கேட்பவர் ‘வேண்டாம்’ என்று சொல்ல இடம் விடுகிறாரா? உங்கள் தாள் இந்த மூன்றையும் கேட்கவில்லை.

ஆற்றலுக்கு 8 கொடுப்பதில் என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். எல்லாம் வல்லவர் கதைக்குள் நடமாடத் தொடங்கினால் 400 பக்கப் பயணம் எதற்கு என்ற கேள்வி 30ஆம் பக்கத்திலேயே வந்துவிடும். வாளைத் தேடிப் பாலைவனம் தாண்ட வேண்டிய அவசியம் என்ன? அவர் ஒருமுறை பார்த்தால் போதுமே. அந்தக் கேள்வி ஒருமுறை எழுந்துவிட்டால் அதற்குப் பிறகு வரும் ஒவ்வோர் ஆபத்தும் போலி. எழுதுகிறவருக்கும் இது தெரியும். அதனால் ஒட்டுப் போடுவார். கடவுள் உறங்குகிறார், கடவுள் சோதிக்கிறார், தலையிடக் கூடாது என்று தமக்கே விதி போட்டுக்கொண்டிருக்கிறார், எல்லாம் தலைவிதிப்படி நடக்கிறது. வருகிற பிரதிகளில் இந்த நான்கு ஒட்டுகளும் திரும்பத் திரும்ப வருகின்றன.

உறக்கம் சில இடங்களில் தாங்கும். உறக்கமே உலகத்தின் அச்சாணியாக இருந்தால் தாங்கும். லார்ட் டன்சனி 1905இல் எழுதிய ‘தி காட்ஸ் ஆஃப் பெகானா’வில் மூலக் கடவுள் உறங்குகிறார், ஒருவன் முரசு கொட்டிக்கொண்டே இருக்கிறான். கொட்டு நின்றால் அவர் விழிப்பார், விழித்தால் உலகங்கள் இல்லை. அங்கே உறக்கம் சாக்கு ஆகாது, அதுவே கதை. சுயவிதி, உச்சக்காட்சி வரைக்கும் தாங்கும். நாயகன் சாகப் போகும்போது கடவுள் அதை மீறிவிடுவார். மீறலாம் என்றால் நூறாவது பக்கத்தில் அந்தக் கிராமம் எரிந்தபோது ஏன் மீறவில்லை என்பதற்கு பதில் இருக்காது. தலைவிதியின் மேல் பழிபோடுவதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. மிக மோசமானது சோதனை. நாயகியின் மன உறுதியைப் பார்க்க அவள் குழந்தைக்குக் காய்ச்சல் கொடுக்கும் தெய்வத்தை எழுதிவிட்டு, கடைசி அத்தியாயத்தில் ‘கருணைக் கடல்’ என்று அழைக்கிறார்கள். குழந்தையைக் கேட்டார்களா? சோதிக்கப்பட்டவள் தாய், வலித்தது குழந்தைக்கு. இந்தக் கடவுளுக்கும் உங்கள் தாளில் 16 உண்டு.

ஆற்றலை எண்ணாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு விளையாட்டு உலகில் பழைய உதாரணம் இருக்கிறது. 1976இல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பாத்திரமேற்று ஆடும் கற்பனை விளையாட்டுக்கு ‘காட்ஸ், டெமி-காட்ஸ் அண்ட் ஹீரோஸ்’ என்ற துணைநூல் வந்தது. தெய்வங்களுக்கு உயிர்ப்புள்ளிகள் கொடுத்தார்கள், அவை தீர்ந்தால் சாவு. வட ஐரோப்பியப் புராணத்தின் தலைமைக் கடவுள் ஓடினுக்கு 300. ஓடினுக்கே அவ்வளவுதான் என்றால் 44ஆம் நிலை வீரனை யார் மதிப்பார் என்று ஆட்டக்காரர்களின் வீக்கத்தைக் குறைப்பது முன்னுரை எழுதியவரின் நோக்கம். ஆனால் எண் கொடுத்தால் அது கழித்துத் தீர்க்க வேண்டிய எண்ணாகத்தானே தெரியும்? 300 புள்ளி உள்ள கடவுள் பெரிய உருவம் கொண்ட இன்னொரு விலங்கு. நாவலிலும் அப்படியே. ‘மலையைத் தூக்குவார்’ என்று ஒருவர் எழுதினால் அடுத்தவர் ‘மூன்று மலை’ என்பார்.

இனி ஒரு காட்சியை அருகில் வைத்துப் பார்க்கலாம். எந்தப் பிரதியிலிருந்தும் எடுக்கவில்லை, விளக்கத்துக்காக நாங்களே அமைத்தது. ஆற்றுத் தெய்வம் ஒருத்தி. மகன் மூழ்கிப்போன தாய் ஒருத்தி. உங்கள் தாளில் 18 வாங்கும் வடிவம் இது:

வானம் பிளந்தது. ஆயிரம் சூரியர்களின் ஒளியில் அவள் தோன்றினாள். ‘மகளே, உன் பக்தியை மெச்சினோம்’ என்றாள். சிறுவன் கண் விழித்தான்.

(ஆயிரம் சூரியர்களை எத்தனை பிரதிகளில் பார்த்தோம் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டோம்.) போன வாரம் அதே ஆற்றில் மூழ்கிய இரண்டு படகோட்டிகளுக்கு ஏன் இது நடக்கவில்லை? அவர்கள் வீட்டில் பக்தி குறைவா? இதற்கு எழுத்தாளர் என்ன பதில் சொன்னாலும் தெய்வம் சிறுத்துப்போகும்.

இப்போது அதே தெய்வத்துக்கு ஓர் எல்லை கொடுங்கள். ஆற்று நீர் காயாமல் இருக்கும் இடம் வரைதான் அவளுக்குக் காது. தாயின் வீடு கரையிலிருந்து ஒரு நாழிகை நடை. உடல் வீட்டில் கிடக்கிறது. தாய் ஆற்றுக்கு ஓடி, தலைப்பை நனைத்துக்கொண்டு வந்து மகன் மேல் போர்த்திப் பேசத் தொடங்குகிறாள். உச்சி வெயில். துணியின் ஓரம் ஏற்கனவே மொடமொடப்பாகிவிட்டது. ஈரம் இருக்கும் வரைதான் பேச்சு. தெய்வம் சொல்கிறது: ‘மூச்சைத் திருப்பித் தரலாம். அதற்கு என் உடம்பில் ஒரு சாண் நீர் போகும். ஒரு சாண் போனால் இந்தப் பருவம் கடைமடைக்குத் தண்ணீர் ஏறாது. அங்கே எழுபது குடும்பம். அவர்களிடம் நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா?’ தாய் பேசவில்லை. துணி காய்ந்துகொண்டிருக்கிறது.

மின்னல் இல்லை, இடி இல்லை. துணி காய்வதே கடிகாரமாகிவிட்டது. தெய்வம் விலையை முன்கூட்டியே, அளவோடு, யார் மேல் விழும் என்பதோடு சொன்னாள். ‘வேண்டாம்’ என்று சொல்ல இடம் விட்டாள். கடைமடைக்காரர்களுக்குத் தெரியாமல் அவர்கள் தண்ணீரை எடுக்க மாட்டேன் என்பது அவள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அவள் நல்லவள் என்று எழுத்தாளர் எங்கும் சொல்லவில்லை. உங்கள் தாள் இவளுக்குக் கொடுப்பது 5 அல்லது 6.

இதே காட்சியைக் கெடுப்பதும் எளிது, கெடுகிற விதங்களையும் சொல்லிவிடுகிறோம். விலையைக் காரியம் முடிந்த பிறகு சொன்னால் அவள் கந்துவட்டிக்காரி. வில்லத் தெய்வம் வேண்டும் என்றால் அது சரியான வழி, நல்ல தெய்வத்துக்கு ஆகாது. விலை முழுவதையும் தாயின் தலையில் போட்டு அவள் ஆயுளில் பாதியை எடுத்துக்கொண்டால் வாசகர் அழுவார், இரண்டு அத்தியாயத்தில் மறந்துவிடுவார். தியாகம் செய்ய ஆள் கிடைத்ததும் கேள்வி அடங்கிவிடுகிறது என்பது காரணம். கடைமடை என்று சொல்லிவிட்டுக் கடைசிவரை அங்கே போகாமல் இருப்பது மூன்றாவது பிழை, இதுவே அதிகம். விலை சொன்ன இடத்திலிருந்து இரண்டு மூன்று அத்தியாயத்துக்குள் வெடித்த வயல் ஒன்றை வாசகர் பார்த்தாக வேண்டும். பார்க்காவிட்டால் அது விலையாக நிற்காது, வசனமாகிவிடும்.

அளவுகோல் ஒன்று வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். சாண், மூச்சு, ஒரு பருவ மழை, ஒரு பெயர், எதுவாகவும் இருக்கலாம். நாவல் தொடங்கும்போது ஆறு பன்னிரண்டு சாண் என்றால் ஒவ்வொரு அற்புதத்துக்கும் கழித்துக்கொண்டே வர ஒரு தனித் தாள் வைத்துக்கொள்ளலாம். அந்தத் தாள் இல்லாதவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். முதல் அத்தியாயத்தில் ஒரு விளக்கை ஏற்றிவிட்டு மூன்று நாள் மயங்கிக் கிடக்கும் தெய்வம், உச்சக்காட்சி இரவில் பத்து அற்புதங்களைக் கொட்டாவிகூட விடாமல் செய்துவிடும். எழுத்தாளர் ஏமாற்ற நினைப்பதில்லை. கணக்கு எழுதவில்லை, அவ்வளவுதான். ஆனால் உங்கள் தாளில் அந்தப் பத்து அற்புதத்துக்கு மதிப்பெண் கூடும், கணக்கு பிசகியதற்குக் குறையாது.

மதிப்பெண் தாளில் பெயரே இல்லாத ஒன்று கடவுளின் அறிவு. எங்கள் அனுபவத்தில் எல்லாம் வல்லமையைவிட எல்லாம் அறிதல்தான் பிரதியை வேகமாகக் கொல்கிறது. எல்லாம் தெரிந்தவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் நடிப்பு. ‘ஏன் வந்தாய்?’ என்று கேட்டாலே வாசகர் சிரித்துவிடுவார். எதிர்காலமும் உறுதியாகத் தெரியும் என்றால் எச்சரிக்கை என்பதே கொடுமை, மாற்ற முடியாததை ஏன் முன்னால் சொல்ல வேண்டும்? வழி ஒன்று இருக்கிறது. எப்படி அறிகிறார் என்பதை வரையறுத்தால் எவ்வளவு அறிகிறார் என்பது தானாக அடங்கும். ஆற்றுத் தெய்வத்துக்குத் தன்னில் விழுந்ததெல்லாம் தெரியும். சாம்பல், வளையல், துவைத்த துணியின் வியர்வை, தூண்டிலில் இருந்து தப்பிய மீனின் வாய்க்காயம். அடைத்த கதவுக்குப் பின்னால் பேசியது தெரியாது. ஆகவே அவள் ஊரைப் பற்றி நிறையத் தெரிந்தவள், ஆனால் தப்பாகத் தெரிந்தவள். ஆற்றுக்கு வராதவர்கள் அவள் கணக்கில் இல்லை, கிணறு வைத்திருக்கும் வீட்டுக்காரர்களை அவள் செத்துப்போனதாகவே நினைத்துக்கொண்டிருக்கலாம். அப்படி ஒரு தவறான புரிதல் ஐந்தாம் அத்தியாயத்துக்குள் வெளிப்பட்டுவிட்டால் அந்தத் தெய்வத்தோடு மனிதர் பேசுவதற்குக் காரணம் கிடைக்கிறது. தெய்வத்துக்கும் மனிதரிடமிருந்து ஏதோ ஒன்று தேவைப்படுகிறது.

லோயிஸ் மக்மாஸ்டர் பூஜோல்ட் 2001இல் வெளியிட்ட ‘தி கர்ஸ் ஆஃப் சாலியன்’ இந்தத் தேவையை எல்லைவரை கொண்டுபோன நூல். அங்கே ஐந்து தெய்வங்கள். பொருள் உலகத்தில் அவர்களால் நேரடியாக எதையும் அசைக்க முடியாது. ஒரு மனிதர் தம் விருப்பத்தை விட்டுக்கொடுத்து வழிவிட்டால்தான் அந்த இடைவெளியில் நுழைய முடியும். தெய்வங்களின் பெருமை இதனால் ஒரு துளியும் குறையவில்லை. வழிவிடுகிற மனிதரின் ஒவ்வொரு சம்மதமும் கனமாகிறது. உங்கள் குறிப்பின்படி பார்த்தால் ஐந்து பேருமே கைவிரிக்கிற கடவுள்கள். அந்த நூலும் திரும்பிப் போயிருக்கும்.

வரம் என்ற விஷயத்தில் நம் கதை மரபுக்கு இருக்கும் பயிற்சி வேறெங்கும் எளிதில் கிடைக்காது, அதையும் இந்தச் சுற்றில் வீணடிப்பதைப் பார்க்கிறோம். வரம் கொடுத்தவர் அதைத் திரும்பப் பெற மாட்டார். பொத்தல் இருந்தால் சொல்லுக்குள்ளேதான் இருக்க வேண்டும். இரணியன் கேட்டது பகலிலும் இரவிலும், உள்ளும் வெளியும், மனிதராலும் விலங்காலும் சாகாமல் இருக்க. விடை அந்தியில், வாசற்படியில், இரண்டும் கலந்த உருவத்தில் வருகிறது. இது சொல்லின் நடுவில் உள்ள இடுக்கு. இராவணன் விஷயம் வேறு. தேவர், அசுரர் என்று அடுக்கியவன் மனிதரைச் சேர்க்கவில்லை. மறதியால் விட்டதல்ல, மதிக்காமல் விட்டது. இரண்டாவது வகையே உயர்ந்தது என்பது எங்கள் எண்ணம். கேட்டவனின் குணமே பொத்தலைச் செய்துவிட்டது, கொடுத்தவர் தந்திரம் செய்ய வேண்டியிருக்கவில்லை. இப்படி எழுத நினைப்பவர்களுக்குச் செய்முறையும் எளிது. வரத்தின் முழு வாசகத்தையும் நாவல் தொடங்கும் முன் தனியாக எழுதிவைத்துக்கொண்டு பிறகு ஒரு சொல்லையும் தொடக் கூடாது. வரம் கொடுக்கும் காட்சியில் அதே வாசகம் முழுதாக ஒலிக்க வேண்டும், கவனமாகப் படிப்பவருக்குப் பொத்தல் அப்போதே தெரிந்தாலும் பரவாயில்லை. வருகிற பிரதிகளில் முக்கால்வாசி வரங்கள் ‘அவனுக்கு அழிவில்லா வரம் அளித்தார்’ என்று ஒரு வரியில் முடிகின்றன. முடிவில் அழிவு வரும்போது வாசகம் புதிதாக முளைக்கிறது. சாபத்துக்கும் இதே சட்டம். நல்ல மரபில் சாபம் திரும்பப் பெறப்படுவதில்லை, விமோசனம் என்ற வாசல் வைக்கப்படுகிறது. கோபத்தில் சொன்னதற்குக் கொடுத்தவரும் கட்டுப்பட்டு நிற்கும் இடம் அது.

பிரமாண்டத்துக்கு வருவோம், அதற்கு நீங்கள் 8 வைத்திருப்பதால். நளவெண்பாவில் சுயம்வர மண்டபத்தில் தேவர்களும் நளனின் உருவத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். தமயந்தி எப்படிப் பிரித்தறிகிறாள்? நளனின் கண் இமைக்கிறது, பாதம் தரையில் படிகிறது, மாலை வாடுகிறது. புகழேந்தி அடையாளம் சொல்வது மனிதனுக்கு. அந்த மூன்றையும் திருப்பிப் பார்த்தால் தேவர்கள் கண்முன் வந்துவிடுகிறார்கள். இமைக்காத கண், படியாத பாதம், வாடாத பூ. ஒளிவெள்ளமே இல்லை. கூடத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் வெகுநேரமாக இமைக்கவில்லை என்பதைக் கவனிக்கும்போது முதுகில் ஏறும் சில்லிப்பை ஆயிரம் சூரியர் கொடுக்க மாட்டார்கள். ஒரு தெய்வத்துக்கு உடல் சார்ந்த பிசகு ஒன்றிரண்டு போதும். மூன்றுக்கு மேல் போனால் பட்டியலாகிவிடும். அதை முதல் வருகையில் விளக்காமல் காட்டிவிட்டு, மூன்றாம் வருகையில் பாத்திரம் அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளட்டும்.

வருகைகளின் எண்ணிக்கையும் முக்கியம். 300 பக்க நாவலில் கடவுள் நேரடியாகக் கைவைப்பது மூன்று தடவை என்றால் தாராளம். முதலாவது விதியைக் கற்றுக்கொடுக்க, அதை முதல் கால்பகுதிக்குள் வைத்துவிடலாம். இரண்டாவது விலையைக் காட்ட. மூன்றாவதில் விதியைத் தெரிந்துகொண்ட மனிதர் அதை வைத்து ஏதாவது செய்ய வேண்டும், கடவுள் தீர்க்கக் கூடாது. இதில் புதிது ஒன்றும் இல்லை. கி.மு. 431இல் வந்த யூரிப்பிடிஸின் கிரேக்க நாடகம் ‘மீடியா’வில், நாயகி கடைசியில் சூரிய தேவன் தந்த தேரில் ஏறி மேடைக்கு மேலே தப்பிப் போகிறாள். முடிச்சு கதையிலிருந்தே அவிழ வேண்டும், நடிகர்களைத் தூக்கி இறக்கும் மேடை இயந்திரத்திலிருந்து இறங்கக் கூடாது என்று அரிஸ்டாட்டில் ‘கவிதையியல்’ நூலில் இந்த நாடகத்தைச் சுட்டியே சொல்கிறார். இயந்திரம் எங்கே பொருந்தும் என்பதையும் கூடவே சொல்கிறார். நாடகத்துக்கு வெளியே. மனிதருக்குத் தெரிய வாய்ப்பில்லாத முன்கதைக்கும், பின்னால் நடக்கப் போவதை அறிவிக்கவும். எங்கள் மேசைக்கு வரும் பிரதிகளில் பாதியை இந்த ஒரு யோசனையே காப்பாற்றியிருக்கும்.

வழிபாட்டைத் தின்று வாழும் தெய்வங்கள் இப்போது அதிகம் வருகின்றன. நல்ல கருதான். டெர்ரி பிராட்செட் 1992இல் ‘ஸ்மால் காட்ஸ்’ நாவலில் அதைச் செய்து காட்டினார். பேரரசு அளவுக்கு மதம், ஆனால் உண்மையாக நம்புகிறவன் ஒருவன்தான். அதனால் கம்பீரமாக இறங்க நினைத்த கடவுள் ஆமையாக வந்து சேர்கிறார். அதில் கவனிக்க வேண்டிய நுட்பம், கூட்டத்தின் அளவு வேறு, நம்பிக்கையின் அளவு வேறு என்று பிரித்தது. நம் பிரதிகளில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால் கடவுள் தேர்தல் வேட்பாளர் ஆகிவிடுகிறார், தலை எண்ணிக்கை கூடினால் வலிமை கூடும். அப்படியானால் பக்தர்களைப் பயமுறுத்திச் சேர்ப்பதுதான் அவருக்கு லாபம். நல்ல தெய்வம் என்று சொல்லிக்கொண்டு அந்த லாபத்தை அவர் ஏன் விடுகிறார் என்று எழுதாவிட்டால் பாத்திரம் நிற்காது. பட்டினியோடு இருந்தும் ஒருவரைத் திருப்பி அனுப்பும் தெய்வம், ‘என்னை நம்பாதே, மருத்துவரிடம் போ’ என்று சொல்லும் தெய்வம், அதற்கு அந்த ஒரு வரியே போதும்.

வாசகர் ஏமாந்துபோவார் என்கிறீர்கள். வாசகருக்கு வியப்பு வேண்டும் என்பதை மறுக்கவில்லை. எல்லாக் கடவுளையும் ஆற்றங்கரைக் கடவுளாகச் சுருக்கச் சொல்லவும் இல்லை. உலகத்தைப் படைத்த பேருருவம் தாராளமாக இருக்கட்டும். ஆனால் அதை உரையாடலில் உட்காரவைக்காமல், தொலைவில், தடயமாக வைத்திருப்பவர்களின் பிரதிகள் தப்பிக்கின்றன. மலை ஒன்றை உள்ளங்கையில் வைத்து விளையாடியதன் விரல் தடம் போதும். விரல் வேண்டாம். நாங்கள் படித்தவரை வாசகர் ஏமாறுவது கடவுள் தோற்கும் இடத்தில் இல்லை. தோற்க வழியே இல்லாதவர் வென்றுவிட்டு அதற்குக் கைதட்டு கேட்கும் இடத்தில்தான் பக்கத்தை மூடுகிறார்.

ஆகவே கேட்கிறோம். ‘தயங்குகிற, தோற்கிற, கைவிரிக்கிற’ என்று தொடங்கும் குறிப்பை அடுத்த சுற்று வாசிப்பு தொடங்கும் முன் தாளிலிருந்து நீக்குங்கள். அந்த 20 மதிப்பெண்ணை இப்படிப் பிரியுங்கள்: ஆற்றலின் எல்லை தெளிவாக இருந்து கடைசிவரை மாறாமல் இருப்பதற்கு 5, விலைக்கும் அது யார் மேல் விழுகிறது என்பதற்கும் 6, அறியும் வழிக்கு 4, மனிதர் மறுக்க இடம் இருப்பதற்கு 5. பிரமாண்டத்துக்குத் தனிக் கட்டம் தேவையில்லை, நன்றாக எழுதப்பட்டிருந்தால் மொழிநடைப் பிரிவில் அதற்கு மதிப்பெண் கிடைத்துவிடும். பெயரையும் பிறப்புக் கதையையும் அப்படியே அந்தப் பிரிவிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

‘கடவுள் பலவீனமாக இருக்கிறார்’ என்ற காரணத்தோடு மட்டும் திரும்பிப் போன பிரதிகளை மீண்டும் வரவழையுங்கள். முதல் மதிப்பெண்ணைப் பார்க்காத இரண்டு பேர் அவற்றைப் படிக்கட்டும். இனி எந்தப் பிரதியைத் திருப்பி அனுப்பினாலும் எந்தப் பக்கத்தில், எந்த விதி, எப்படி முறிந்தது என்று ஒரு வரியாவது எழுத்தாளருக்குச் சொல்லுங்கள். மாற்றிய தாளை முன்வாசகர்களுக்கு மட்டும் அனுப்பாமல் பங்கேற்பவர்கள் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள்.

அதுவரை எங்கள் கையில் இருக்கும் பிரதிகளில் ‘தெய்வப் பாத்திரம்’ பிரிவை நிரப்பாமல், மற்றப் பிரிவுகளுக்கு மட்டும் மதிப்பெண் போட்டு அனுப்புகிறோம்.

இப்படிக்கு,
முன்வாசகர்கள்